நாடாளுமன்றத்தில் ஒரு வாரம்: குமரி மாவட்டத்து அறிவியல் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலில் இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, பார்லிமெண்டுல நமக்கு என்ன சோலி? அங்க வக்கீலுக்கும் கட்சிக்காரனுக்கும்தானே வேலை?"

ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் அறிவியல் உதவியாளராகப் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், மேசையில் கிடந்த காகிதங்களில் பாதி நம் பாடம்தான். கடல் அலை, தோரியம், காற்றாலை, ரப்பர் மர நோய், செயற்கைக்கோள் வழித் தகவல். அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள எம்.பி.க்கு நேரம் இல்லை. படித்தவர்களுக்கோ அவையில் எது எப்படி நடக்கும் என்று தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதுதான் வேலை. அங்கே கழித்த முதல் வாரத்தை நாள்வாரியாகச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். எந்த எம்.பி. என்பது இங்கே தேவையில்லை. நம் தொகுதிக்காரர் இல்லை, ஆனால் அவர் தொகுதியிலும் கடற்கரை உண்டு.

உள்ளே போக வழி

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அறிவியலுக்கென்றே ஒரு அலுவலகம் 1989 முதல் இருக்கிறது. 'போஸ்ட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் மூன்று மாதம் அங்கே உட்கார்ந்து நான்கு பக்கக் குறிப்புகள் எழுதுவார்கள். அமெரிக்காவில் 1973 முதல் விஞ்ஞானிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு அனுப்பும் திட்டம் நடக்கிறது. அங்கே நாடாளுமன்றத்துக்கென்று இருந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை 1995-ல் மூடிவிட்டார்கள். அது வேறு கதை.

நம் ஊரில் அப்படித் தனி அறிவியல் அலுவலகம் கிடையாது. உறுப்பினர்களுக்குத் தகவல் திரட்டித் தரும் நூலகமும் ஆய்வுப் பிரிவும் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதற்கு மேல் என்றால் எம்.பி.யின் சொந்த அலுவலகம்தான். அங்கே போய்ச் சேர எனக்குத் தெரிந்த நல்ல வழி 'லாம்ப்' என்ற பயிற்சித் திட்டம். 2010 முதல் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற டெல்லி அமைப்பு நடத்துகிறது. ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டமும், 25 வயதுக்கு மிகாமலும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரை ஒரே எம்.பி.யோடு முழுநேர வேலை. கட்சி பார்த்து ஆள் எடுப்பதில்லை.

இரண்டாவது வழி, நேரடியாக எழுதிக் கேட்பது. 'எனக்கு அறிவியல் கொள்கையில் ஆர்வம்' என்று எழுதினால் பதில் வராது. எம்.பி. அவையில் ஏற்கெனவே கேட்ட கேள்வி ஒன்றை எடுத்து, அதற்கு வந்த பதிலில் என்ன விடுபட்டிருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். கேள்வியும் பதிலும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும். நான் அப்படித்தான் அனுப்பினேன். மூன்று பேருக்கு அனுப்பியதில் ஒருவர் கூப்பிட்டார்.

கிளம்பும் முன்

கூட்டத்தொடர் நடக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். ஆண்டுக்கு மூன்று: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். கூட்டத்தொடர் இல்லாத நேரத்தில் எம்.பி. தொகுதியில் இருப்பார், நீங்கள் டெல்லியில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீனுக்கு நேராகப் போகும், ஆனால் வாரத்தில் இரண்டே நாள். அவசரம் என்றால் திருவனந்தபுரம் போய் விமானம். குளிர்காலக் கூட்டத்தொடர் என்றால் நம்மூர்க் கடையில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். டிசம்பர் டெல்லிக்கு அது முண்டா பனியன் மாதிரி.

படிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மக்களவை நடைமுறை விதிகளில் கேள்விகள் பற்றிய அத்தியாயம். அரசியல் சட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்து போனவன் நான். முதல் வாரத்தில் ஒரு வரிகூட உதவவில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் பத்து போன் நம்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்கள் வேண்டாம். வள்ளத்தில் போகிறவர், விசைப்படகு வைத்திருப்பவர், ரப்பர் பால் வெட்டுபவர், ஆரல்வாய்மொழியில் காற்றாலையில் வேலை பார்ப்பவர், பேச்சிப்பாறைத் தண்ணீரை நம்பி நெல் விதைப்பவர். டெல்லியில் எல்லா ஆவணமும் கிடைக்கும். குளச்சலில் நேற்று கடல் எப்படி இருந்தது என்பது மட்டும் எந்த ஆவணத்திலும் இருக்காது.

திங்கள்: கேட்டுக்கொண்டே இருங்கள்

எம்.பி. அலுவலகம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பல எம்.பி.க்களுக்கு அரசு கொடுத்த வீட்டின் முன் அறைதான் அலுவலகம். நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ பக்கம் வரிசையாக இருக்கும். ஒரு பிரிண்டர், இரண்டு மேசை, தொகுதியிலிருந்து சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்த நான்கு பேர், அவர்களுக்கு டீ.

2023 மே 28-ல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அது சீக்கிரம் கிடைக்காது. கிடைத்தாலும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அவைக்குள் நமக்கு இடமில்லை. அதனால் சன்சத் டி.வி.தான் நமக்கு நாடாளுமன்றம். 11 மணிக்கு மக்களவையில் கேள்வி நேரம் ஆரம்பிக்கும். ஒரு வாரம் அதைத் தவறாமல் பாருங்கள். எந்த மாதிரிக் கேள்விக்கு அமைச்சர் நெளிகிறார், எதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு உட்காருகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர் ஒருவர் இருப்பார். அவர்தான் உங்கள் குரு. எங்கள் அலுவலகத்து அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, உனக்கு என்ன தெரியும்னு சார் கேக்க மாட்டார். 'இப்ப நான் என்ன கேக்கணும்'னு கேப்பார். அதுக்குப் பதில் வெச்சுக்க."

செவ்வாய்: எந்தக் கதவு?

செவ்வாய்க்கிழமை காலையில் என்னிடம் கொடுத்த தலைப்பு கள்ளக்கடல், அதாவது காற்றும் மழையும் இல்லாத நேரத்தில் திடீரென்று கடல் கரையேறி வருவது. கடலோர எம்.பி. என்பதால் அவருக்கு அதில் அக்கறை இருந்தது. 2024 மே மாதம் நம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த செய்தியும் அவர் நினைவில் இருந்தது.

இயற்பியல் படித்தவனுக்கு இது அல்வா. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு பெரும்புயல். அங்கே எழும் நீண்ட அலைகள் வடக்கே கிளம்புகின்றன. 18 விநாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 5,000 கிலோமீட்டரைக் கடக்க 100 மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கும் கொஞ்சம் கூட. ஆழ்கடலில் படகின் அடியில் போகும்போது யாருக்கும் தெரியாது. கரைக்குக் கிட்ட வந்து ஆழம் குறையும்போதுதான் எழும்பும். இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும், காற்று இருக்காது.

கணக்குப் போட்டு முடித்த பெருமையில் குளச்சலில் இருக்கும் மாமாவுக்கு போன் போட்டேன்.

"காத்தும் இல்ல மழையும் இல்ல மக்ளே. நட்டுச்சியில கடலு தானா ஏறி வந்து வள்ளத்தத் தூக்கி ரோட்டுல வெச்சிட்டுப் போவும். களவாணி மாதிரி வாறதுனாலதான் அது கள்ளக்கடல்."

"முன்னாடியே எச்சரிக்கை வருமே மாமா, செல்லுல?"

"செல்லு வீட்டுல கெடக்கும். நான் கரையில வலையோட நிக்கேன். கோயில் மைக்குல சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

இந்த ஒரு நிமிடப் பேச்சுதான் பிறகு வந்த நான்கு நாளையும் தீர்மானித்தது. இயற்கை நமக்கு நான்கு நாள் அவகாசம் கொடுக்கிறது. அந்த நான்கு நாளில் எத்தனை மணி நேரம் மாமா கைக்கு வந்து சேர்கிறது? கேட்க வேண்டியது இதைத்தான். அலை எப்படி உருவாகிறது என்பதை அமைச்சரிடம் கேட்டு என்ன பயன்?

அடுத்தது, யாரிடம் கேட்பது. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். மக்களவையில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். தவறான அமைச்சகத்துக்கு அனுப்பினால் கேள்வி கை மாறிப் போகும், அல்லது பதில் ஒன்றுமில்லாமல் வரும். கள்ளக்கடலுக்கு எத்தனை கதவு என்று பாருங்கள். அலையைக் கணித்து எச்சரிக்கை விடுவது ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம். அது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. படகு, வலை, நிவாரணம் என்றால் 2019-ல் தனியாகப் பிரித்த மீன்வளம், கால்நடை, பால்வள அமைச்சகம். கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகம். பேரிடர் மேலாண்மை உள்துறை. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்புவது விண்வெளித் துறை. ஒரே அலைக்கு ஐந்து கதவு.

இதற்கு மேல் ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால் மீன் பிடிப்பது மட்டும் மத்திய அரசின் பட்டியலில். தூத்தூர்க்காரர்கள் நூற்றுக்கணக்கான மைல் போகிறார்கள், அது டெல்லி விஷயம். குளச்சல் மாமா கரையை ஒட்டி வலை வீசுகிறார், அது சென்னை விஷயம். கடலுக்கு இது தெரியாது. ஆனால் கேள்வியைச் சரிபார்க்கும் செயலகத்துக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில் ஐந்து கதவையும் எழுதி, எது மத்திய அரசு மட்டுமே செய்யக்கூடியது என்று வட்டம் போட்டேன். எச்சரிக்கை விடுவது. அதனால் புவி அறிவியல் அமைச்சகம்.

புதன்: கேள்வி எழுதும் நாள்

இந்த நாளுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். அண்ணன் சொன்ன விதிகள் இவை. மக்களவையில் ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஐந்து கேள்விகளுக்கு நோட்டீஸ் தரலாம். பதில் வர வேண்டிய நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னால் தர வேண்டும். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்க வேண்டும். குலுக்கலில் மேலே வரும் 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். மற்ற 230 கேள்விகளுக்கு எழுத்துப் பதில் மட்டும். எது குலுக்கலில் வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே நட்சத்திரத்தை எதிர்பார்த்து எழுதாதீர்கள்.

என் முதல் வரைவு இப்படி இருந்தது: 'கள்ளக்கடலால் கன்னியாகுமரி மாவட்ட மீனவ மக்கள் படும் துயரத்தை அரசு உணர்ந்திருக்கிறதா? உணர்ந்திருந்தால் இதுவரை போதிய நடவடிக்கை எடுக்காதது ஏன்?'

அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "மேடையில பேச நல்லா இருக்கும். 'உணர்ந்திருக்கிறோம், நடவடிக்கை எடுத்திருக்கிறோம்'னு ரெண்டு வரியில முடிச்சிருவாங்க." செயலகமே இதைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்றும் சொன்னார். கேள்விக்குள் வாதம், குற்றச்சாட்டு, கிண்டல் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று கற்பனை கேட்கக் கூடாது. எல்லோர் கையிலும் கிடைக்கும் ஆவணத்தில் இருப்பதைக் கேட்கக் கூடாது.

நான்கு தடவை மாற்றி எழுதினோம். கடைசியில் நின்றது இது. நான் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போனேன். அப்படிச் செய்வது நல்லது. தமிழில் எழுதும்போது என்ன கேட்கிறோம் என்பது நமக்கே மறைவில்லாமல் தெரிகிறது.

'புவி அறிவியல் அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு விடுக்கப்பட்ட கள்ளக்கடல் எச்சரிக்கைகள் எத்தனை, ஆண்டுவாரியாகவும் மாவட்டவாரியாகவும்;

(ஆ) ஒவ்வொரு எச்சரிக்கையும் வெளியான நேரத்துக்கும் அலை கரையேறும் என்று கணித்த நேரத்துக்கும் இடையே இருந்த இடைவெளி;

(இ) எச்சரிக்கை மாவட்ட நிர்வாகத்துக்கும் மீனவர்களுக்கும் அனுப்பப்படும் வழிகள், ஒவ்வொரு வழியிலும் பெற்றவர்களின் எண்ணிக்கை;

(ஈ) கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்துக்கு அருகில் உள்ள அலை அளக்கும் மிதவைகள் ஒவ்வொரு ஆண்டும் இயங்கிய நாள்கள்;

(உ) கணித்த அலை உயரத்துக்கும் பதிவான உயரத்துக்கும் இருந்த வேறுபாடு?'

ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 'எத்தனை' என்று தொடங்கினால் எண் வர வேண்டும். 'ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக' என்ற இரண்டு சொல் இல்லாவிட்டால் நாடு முழுவதற்கும் ஒரே கூட்டுத்தொகை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. (ஆ)தான் உயிர்நாடி: இயற்கை கொடுத்த 100 மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அதில் தெரியும். (ஈ)-யில் முதலில் 'மிதவைகள் எத்தனை' என்று கேட்டிருந்தேன். அதெல்லாம் இணையத்திலேயே கிடைக்கிற வகைத் தகவல் என்றார் அண்ணன். அதனால் 'இயங்கிய நாள்கள்' என்று மாற்றினோம். மிதவை கடலில் கிடப்பது ஒன்று, வேலை செய்வது வேறு.

ஒன்றை மட்டும் அவர் அடித்தார், எனக்கு வலித்தது. 'ஊர் அளவில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்க ஏற்பாடு உண்டா' என்று ஆறாவதாக எழுதியிருந்தேன், மாமாவின் கோயில் மைக்கை மனதில் வைத்து. "மைக் மாநில அரசு விஷயம் தம்பி. இதைப் போட்டா 'மாநில அரசைக் கேளுங்க'ன்னு பதில் வரும். அதோட சேர்த்து (இ)-யையும் கழட்டி விட்ருவாங்க." அடித்த வரியைத் தனிக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வியாழன்: ஒரு பக்கம், ஒரே பக்கம்

கேள்வியோடு எம்.பி.க்கு ஒரு குறிப்பும் வேண்டும். நட்சத்திரக் கேள்வியாக வந்துவிட்டால் துணைக் கேள்வி கேட்க அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே.

நான் எழுதியது 11 பக்கம். படம் நான்கு, சமன்பாடு இரண்டு. எம்.பி. காரில் ஏறும்போது வாங்கி, முதல் வரியைப் பார்த்தார். முதல் வரி: 'பெருங்கடல் அலைகள் பல்வேறு காரணிகளால் உருவாகின்றன.' திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் நான் பட்ட அவமானத்திலேயே பெரியது.

அன்று மதியம் மறுபடி எழுதிய குறிப்பின் முதல் வரி: 'தெற்கே புயல் எழும்பி நான்கு நாள் கழித்துத்தான் கள்ளக்கடல் நம் கரைக்கு வருகிறது, கரையில் நிற்பவருக்கு அந்தச் செய்தி எப்போது கிடைக்கிறது என்பதே நாம் கேட்பது.' அதற்குக் கீழே ஐந்து சின்னப் பத்திகள். என்ன நடக்கிறது. யார் பொறுப்பு. இதுபற்றி முன்பு அவையில் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது. துணைக் கேள்விகள் இரண்டு. எதிர்த்தரப்பு என்ன சொல்லும்.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். அமைச்சகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அடிக்கடி எச்சரிக்கை விட்டு அலை வராமல் போனால் மீனவர் அடுத்த தடவை கேட்க மாட்டார். ஒரு நாள் தொழில் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதை நாமே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால் எம்.பி. அவையில் தடுமாற மாட்டார்.

கள்ளக்கடலையும் ஒக்கி புயலையும் குழப்ப வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி நம் கரைக்கு மிக அருகிலேயே புயலாக வலுத்தது. நான்கு நாள் அவகாசம் அங்கே இல்லை, ஆழ்கடலுக்குப் போனவர்களை எட்டவும் முடியவில்லை. கரைக்கு அருகில் பேசும் வி.எச்.எஃப். கருவி அந்தத் தூரத்துக்கு எட்டாது. அதற்குப் பிறகு, 2019-ல், 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி படகுக்கு வரும், ஆனால் படகிலிருந்து திரும்பப் பேச முடியாது. இரண்டும் கடல்தான், ஆனால் ஒன்றின் தீர்வை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது.

இங்கே மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் யாராவது மணவாளக்குறிச்சி மணல் ஆலை பற்றிக் கேட்பார்கள். மோனசைட் என்ற கனிமம், அதில் இருக்கும் தோரியம், கதிர்வீச்சு, சுரங்கம். அது அணுசக்தித் துறை, பிரதமரின் பொறுப்பில் இருக்கும் துறை. நம் ஊரிலேயே அங்கே வேலை பார்ப்பவரும் எதிர்த்துப் போராடுபவரும் ஒரே தெருவில் இருக்கிறோம். உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. குறிப்பு எழுதும்போது அதைக் கதவுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். மோனசைட் உள்ள மணலால் நம் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பது தெரிந்த உண்மை. அதிலிருந்து நோய்க்குத் தாவும்போது ஆய்வு கையில் இருக்க வேண்டும். டீக்கடைப் பேச்சு போதாது. ஒரு தடவை தப்பான எண்ணை அவையில் சொல்ல வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எதையும் அந்த எம்.பி. தொட மாட்டார்.

வெள்ளி: மற்ற வாசல்கள்

கேள்வி மட்டும்தான் கருவி என்று நினைத்துவிடக் கூடாது. விதி 377-ன் கீழ் தொகுதிப் பிரச்சினை ஒன்றை 250 வார்த்தைக்குள் எழுதி அவையில் வைக்கலாம். துறைமுக முகத்துவாரத்தில் மணல் அடைப்பது மாதிரியான விஷயத்துக்கு அது பொருத்தம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். 12 மணிக்குப் பிறகு வரும் பூஜ்ய நேரத்தில் அவசரமானதைப் பேசலாம். எம்.பி. தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பு உண்டு, அதனால் பேச்சைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், வாய்விட்டுப் படித்துப் பார்த்து.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதா நேரம், அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கான நேரம். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-ல். ஆகவே உங்கள் கனவு மசோதாவை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள்.

இரு அவை எம்.பி.க்களும் துறைவாரியாகக் கூடி ஆராயும் நிலைக்குழுக்கள்தான் உண்மையான வேலை நடக்கும் இடம் என்பது என் எண்ணம். மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கேமரா இல்லாததால் கட்சிச் சண்டை குறைவு. அறிவியல், சுற்றுச்சூழல் குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் இயங்குகிறது. கூட்டத்துக்குள் நாம் போக முடியாது. அங்கே நடப்பது அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை ரகசியம்; வாட்ஸாப்பில் பெருமையடித்தால் வேலை போகும்.

ஆனால் பழைய அறிக்கைகள் பொதுவில் இருக்கின்றன. 2018-ல் உள்துறை நிலைக்குழு ஒக்கி பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை கொடுத்தது. அதைப் படிக்கும் முறை இது: முதலில் தடித்த எழுத்தில் இருக்கும் பரிந்துரைகளை மட்டும் படியுங்கள். அப்புறம் 'எடுத்த நடவடிக்கை' அறிக்கையைத் தேடி, எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எதைத் தள்ளியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏற்றுக்கொண்டு நிறைவேறாமல் கிடப்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

சனி: கணக்கு ஒப்படைப்பு

ஒரே கோப்பில் எல்லாம் இருக்க வேண்டும்: கேள்வியின் இறுதி வடிவம், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எடுத்தது, யாரிடம் பேசியது, அடித்த வரிகள். நீங்கள் போன பிறகு வரும் அடுத்த பயிற்சியாளருக்காக. பிறகு தமிழ்நாடு இல்லம் போய் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். மீன் குழம்பு நம் வீட்டுக் குழம்பு மாதிரி இருக்காது, ஆனால் ஒரு வாரம் ரொட்டி தின்ற நாக்குக்கு அது போதும்.

பதில் வந்த பிறகு

15 நாள் விதியால், இந்த வாரம் எழுதிய கேள்விக்கு இந்த வாரம் பதில் வராது. பதில் அவையில் வைக்கப்படும் முன் வெளியே சொல்லவும் கூடாது. எங்கள் கேள்வி நட்சத்திரம் பெறவில்லை, எழுத்துப் பதில் பட்டியலில் வந்தது.

பதிலைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, '(அ) முதல் (உ) வரை' என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பத்தியாகக் கொடுத்திருக்கிறார்களா என்பது. அப்படி இருந்தால் ஏதோ ஒரு உட்பிரிவு காணாமல் போயிருக்கும். பென்சிலை எடுத்து, பதிலின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது எந்த உட்பிரிவுக்கான பதில் என்று எழுதுங்கள். எதிரே ஒன்றும் விழாத உட்பிரிவை அடுத்த கூட்டத்தொடரில் தனிக் கேள்வியாகக் கேட்கலாம்.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று வந்தால் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். அது ஒரு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசின் உறுதிமொழிகளைத் துரத்துவதற்கென்றே இரு அவையிலும் ஒரு குழு இருக்கிறது. தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் பதிலை மாமாவிடம் படித்துக் காட்டினேன். எண்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோயில் மைக்கு பத்தி ஒண்ணும் கேக்கலையா மக்ளே?" என்றார்.

அடித்த வரியை எழுதி வைத்த காகிதம் பையில் இருந்தது. மைக் மாநில அரசு விஷயம் என்றால் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியதுதான். நம் மாவட்டத்தில் ஆறு எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலரின் தொகுதியில் கடல் உண்டு. அங்கே கேள்வியைத் தமிழிலேயே கொடுக்கலாம், மொழிபெயர்க்கும் வேலையும் இல்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து எந்தெந்த ஊர்க் கோயிலில் மைக் வேலை செய்கிறது, எதில் செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டேன்.